லா போசா குறிப்புகள்

ஜனவரி 6, 2024, சனி

இரவு இரண்டு மணிக்கு, நாங்கள் தங்கியிருக்கும் வீட்டு வண்டியின் தண்ணீர் பம்பு மறுபடியும் தானாக ஓடி நின்றது. எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து என் பழைய நண்பன் அழைத்தான். தன் வீட்டு வண்டியில் செவ்வாய்க்கிழமை இங்கே புறப்படுகிறானாம். அரிசோனாவின் இந்தக் குவார்ட்சைட் ஊரில் எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று கேட்டான். ஊருக்குத் தெற்கே உள்ள லா போசா என்ற இந்த அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு 180 டாலர்தான் என்றும், வண்டிக்கு மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் கிடையாது என்றும், சூரியத் தகடு இல்லாவிட்டால் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். பிறகு, டயரின் பக்கச் சுவரில் கடைசியாக இருக்கும் நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னேன். 2216 என்றான். 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்த டயர் அது.

"டயர் பட்டன் எல்லாம் நன்றாகத்தானேடா இருக்கிறது" என்கிறான். இந்த வண்டிகள் ஓடுகிற நாட்களைவிட வெயிலில் நிற்கிற நாட்களே அதிகம் என்பதால், பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் உள்ளுக்குள் வறண்டு வெடிப்புவிட்டுவிடும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. நாற்பது வருடம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன்.

ஜனவரி 9, செவ்வாய்

புறப்பட்டுவிட்டான்.

ஜனவரி 10, புதன்

பம்பிலிருந்து வெளியேறும் குழாயின் வால்வை மூடிவிட்டுப் படுத்தோம். இரவு முழுவதும் பம்பு வாய் திறக்கவில்லை. ஆகவே குறை பம்பில் இல்லை. அதற்கு அப்பால் எங்கோ நீர் கசிந்து அழுத்தம் குறைவதால்தான் அது விழித்துக்கொள்கிறது. கழிப்பறைத் தொட்டியின் அடியிலும், சமையல் மேடைக்குக் கீழும், சுடுநீர்க் கலத்தின் பாதுகாப்பு வால்விலும் காகிதக் கைக்குட்டையை வைத்து ஒற்றிப் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. எங்கே போகிறது இந்தத் தண்ணீர்?

அவன் நேற்றிரவு ஃபோர்ட் ஸ்டாக்டனில் தங்கியிருக்கிறான்.

ஜனவரி 11, வியாழன்

அழைப்பு இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

காலையிலிருந்து நான்கு முறை அழைத்தும் குரல் பதிவுக்கே போகிறது. அவன் வரும் வழியில், டெமிங்குக்கும் லார்ட்ஸ்பர்க்குக்கும் இடையே சாலையோரத்தில், புழுதி கிளம்பினால் சாலையை விட்டு விலகி நிறுத்துங்கள், வண்டியை அணைத்துவிடுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள் என்று வரிசையாகப் பலகைகள் வைத்திருப்பார்கள். பின்னால் வருபவன் நம் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் பாதை என்று நம்பி வந்து மோதிவிடுவான் என்பதற்காக. அந்தப் பலகைகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன் டயர் வெடித்தால் அந்தக் கனமான வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும்.

டெட்ராய்ட்டில் ஒரே அறையில் நாங்கள் மூன்று குளிர்காலங்களைக் கழித்தவர்கள்தான். ஆயினும் அதன் பிறகு எங்கள் நட்பை நடத்தியவை எங்கள் வீட்டுப் பெண்களின் தொலைபேசிப் பேச்சுகளே என்பது இப்போதுதான் உறைக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவன் மனைவி அழைப்பார். என் மனைவி முக்கால் மணி நேரம் பேசுவாள். முடிவில் எங்கள் இருவர் கையிலும் தொலைபேசி இரண்டு நிமிடம் இருக்கும். அவர் போன பிறகு அந்த இரண்டு நிமிடமும் போய்விட்டது.

மாலை ஆறு மணிக்குக் குறுஞ்செய்தி: "டூசான். சார்ஜர் கெட்டுவிட்டது. நாளை வருகிறேன்." இவ்வளவுதான். சார்ஜராம்!

ஜனவரி 13, சனி

வந்து சேர்ந்தான். இளைத்திருக்கிறான். வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். எரிவாயுவில் ஓடும் இந்தக் குளிர்பெட்டிக்குள் அமோனியா தன் எடையாலேயே கீழிறங்கிச் சுற்றிவர வேண்டும், வண்டி மட்டமாக நிற்காவிட்டால் குளிரும் ஏறாது, பெட்டியும் பாழாகும் என்று சொல்லி, இடது சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து மட்டப்படுத்தினோம். அந்த அரை மணி நேரம் இருவரும் சரளமாகப் பேசினோம். வேலை முடிந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வெளியே எரிவாயு அடுப்பில், காற்றுக்கு மறைப்பாக மடக்கு நாற்காலிகளைச் சுற்றி வைத்து, மனைவி பொங்கல் வைத்தாள். அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மாலையில் ஊர்க் கல்லறைக்குப் போய் ஹை ஜாலியின் நினைவுச் சின்னத்தைப் பார்த்தோம். ஹாஜி அலி என்ற பெயர் அமெரிக்க வாயில் அப்படியாகிவிட்டது. 1850களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்கிச் சோதித்தபோது அவற்றை ஓட்ட வந்தவர். திட்டம் கைவிடப்பட்ட பின்னும் ஊர் திரும்பாமல் 1902இல் இங்கேயே இறந்தார். கல்லால் கட்டிய பிரமிடின் உச்சியில் ஒரு செப்பு ஒட்டகம் நிற்கிறது. "வேலை போன பிறகும் தங்கிவிட்டான் பார், நம்மைப்போல" என்று அவன் சிரித்தான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

அவனுடைய வண்டியில்தான் போனோம். ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் அவன் மனைவியின் சால்வை மடித்து வைத்திருந்தது. நாங்கள் இருவரும் கேட்காமலே பின்னால் உட்கார்ந்துகொண்டோம்.

ஜனவரி 16, செவ்வாய்

கசிவு பிடிபட்டது, கண்டுபிடித்தவன் அவன். முகாம்களில் வெளிக்குழாயை மாட்டுவதற்காக வண்டியின் வெளிப்புறத்தில் இருக்கும் வாய்க்குள் ஒரு ஒருவழி வால்வு உண்டு. இங்கே நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பம்பின் அழுத்தம் அந்த வால்வின் தேய்ந்த ரப்பர் வழியாகப் பின்னோக்கிச் சொட்டியிருக்கிறது. பாலைவனக் காற்றில் சொட்டு மண்ணுக்கு வருவதற்குள் தடமின்றி உலர்ந்துபோயிருக்கிறது. மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, ஈர விரலை என் முகத்துக்கு நேரே காட்டினான், அன்றைய திமிர் சற்றும் குறையாமல். வால்வு பதினைந்து டாலருக்கும் குறைவு. மரையில் டெஃப்லான் நாடா சுற்றிப் பொருத்திவிட்டோம்.

ஜனவரி 17, புதன்

பம்பு ஓடவில்லை. ஆனாலும் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டேன்.

காலையில் டயர் பேச்சை எடுத்தேன். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடுவதைத் தொட்டுக் காட்டினேன். வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த ஆறு டயரையும் அவள்தான் பேரம் பேசி வாங்கினாள்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. மனைவி காபி கொண்டுவந்தாள்.

ஜனவரி 18, வியாழன்

முன் சக்கரங்கள் இரண்டை மாற்றச் சம்மதித்திருக்கிறான். நாளை பிளைத் நகரில் ஒரு கடையில் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கொலராடோ ஆற்றைத் தாண்டினால் கலிஃபோர்னியா நேரம் என்பதால் நமக்கு அது பத்து மணி. ஐம்பது மைல் ஓடிய பின் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். நட்டை அளவாக முறுக்கும் என் டார்க் ரென்ச்சை எடுத்து வைத்துவிட்டேன். பின் சக்கரங்கள் நான்கைப் பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை.