அம்பாசடர் டை ராட் எண்ட் கழட்ட கேஸ் டார்ச் எதுக்குங்க?

ஷெட்ல நிக்கிற 84 மாடல் மார்க் 4 அம்பாசடர்ல இப்போ ஸ்டியரிங் வேலை ஓடுது. பாக்க லாரி மாதிரி இருந்தாலும் உள்ள ரேக் அண்ட் பினியன்தான் (ஒரு பல்சக்கரம் சுத்தி, பல்லு வெட்டுன கம்பியை இடம் வலமா தள்ளும்), மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3ல இருந்து வந்த வண்டி, 1950கள் கடைசியில இருந்து 2014 வரைக்கும் மேற்கு வங்கத்து உத்தரபாரா ஃபேக்டரியில போட்டுட்டே இருந்தாங்க. அதனால சாமான் கம்மி, பக்கத்துக்கு ஒரு டை ராட் (ரேக்கோட தள்ளலை வீலுக்குக் கொண்டு போற கம்பி), அதோட முனையில ஒரு பால் ஜாயிண்ட் (குழிக்குள்ள உருண்டை சுத்துற மூட்டு, இதைத்தான் டை ராட் எண்ட்னு சொல்றோம்), அது வீல் பக்கத்து ஸ்டியரிங் ஆர்ம்ல உக்காந்திருக்கும்.

உக்காந்திருக்குற இடம்தான் வில்லங்கமே. பால் ஜாயிண்ட்ல இருந்து நீட்டிட்டு இருக்குற பின் நேரா இருக்காது, டேப்பரா இருக்கும், அதாவது போகப் போக ஒல்லியாகும், நட்டு இறுக இறுக ஓட்டைக்குள்ள போய்ச் சிக்கிக்கும். நட்டைக் கழட்டிட்டாலும் பின் அசையாது. மேல துரு வேற.

உடனே பட்டறைல என்ன சொல்லுவாங்க, டார்ச்சைக் காட்டு தம்பி, இல்லன்னா பின் தலையில நாலு போடுன்னு. ரெண்டும் வேண்டாங்க. தலையில அடிச்சா மரை நசுங்கும், அப்புறம் நட்டும் ஏறாது பின்னும் ஓட்டை வழியா வெளிய வராது. ஸ்டியரிங் ஆர்ம் ஃபோர்ஜிங் பண்ணி ஹீட் ட்ரீட் பண்ண இரும்பு, அதைச் செவக்கச் செவக்கக் காச்சி தண்ணி ஊத்துனா அந்த பலம் போயிடும், வெளிய ஒண்ணுமே தெரியாது. வீலைத் திருப்புற சாமான்ல நான் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன், யார் என்ன சொன்னாலும் சரி.

அடிக்க வேண்டியது பின்னை இல்ல, ஆர்மோட கண்ணை, அதாவது பின் உக்காந்திருக்குற ஓட்டையைச் சுத்தி இருக்குற இரும்பை. முந்தின நாள் ராத்திரியே துரு ஆயில் ஊத்தி ஊற விட்டுடணும். நட்டை முழுசா எடுக்காம ரெண்டு மூணு மரையில நிக்க விட்டுட்டு, கண்ணோட ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் குடுத்து எதிர் பக்கம் இன்னொரு சுத்தியலால ஓங்கி ஒரு அடி. ஓட்டை ஒரு நொடி கோழிமுட்டை ஷேப்புக்குப் போய்த் திரும்புது, அந்த நொடியில டேப்பரோட பிடி விட்டுடும், டக்குனு சத்தம் வரும். புல்லர் (ஜாயிண்ட்டை இழுத்துக் கழட்டுற டூல்) இருந்தா இன்னும் நல்லது, அதை மாட்டி டைட்ல வச்சுட்டு அடிங்க. கவட்டை மாதிரி ஃபோர்க்கை உள்ள அடிச்சு ஏத்துனாலும் வரும், ஆனா ஜாயிண்ட்டை மூடியிருக்குற ரப்பர் பூட் கிழியும், பழைய ஜாயிண்ட்டை தூக்கிப் போடப் போறீங்கன்னா மட்டும் அது ஓகே.

சிலதுல நட்டைத் திருப்புனா பின்னும் கூடவே சுத்தும், செம கடுப்பாகும். கீழ ஜாக்கி குடுத்து ஜாயிண்ட்டை லேசா மேல அமுக்குங்க, டேப்பர் திரும்ப பிடிச்சுக்கும், நட்டு மட்டும் சுத்தும்.

டை ராட்ல இருந்து பழைய எண்டைக் கழட்டும்போது எத்தனை சுத்துல வருதுன்னு எண்ணி சாக்பீஸ்ல எழுதி வச்சுக்கோங்க, புதுசை அதே சுத்துக்கு ஏத்துனா டோ-இன் (முன் வீல் ரெண்டும் முன்னாடி லேசா உள்பக்கம் திரும்பி நிக்கிற அளவு) கிட்டத்தட்ட பழைய இடத்துலயே வந்து நிக்கும், வண்டி அலைன்மென்ட் கடைக்கு ஒழுங்கா போய்ச் சேரும் (அலைன்மென்ட் பாக்காம ஓட்டாதீங்க, டயர் விக்கிற விலைக்கு). இந்த எண்ணிக்கையை நம்ம ஊர்ல பாதிப் பேர் கண்டுக்கறதே இல்ல.

மாட்டும்போது டேப்பர்ல கிரீஸ் தடவ வேண்டாம், சுத்தமா துடைச்சு காய்ஞ்ச இரும்பாவே போடுங்க. நட்டு கழண்டுடாம குறுக்க மாட்டுற ஸ்பிளிட் பின் இருந்தா அதுவும் புதுசுதான், பழசை நிமுத்தி மாட்டுற வேலையே கூடாது, பத்து ரூபா சாமான்ங்க அது.