கிளீவ்லண்டுக்கு டங்க்கைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லண்டின் ஹாப்கின்ஸ் விமான நிலையத்திலேயே ரெட் லைன் ரயில் கிடைக்கும். லிட்டில் இத்தாலி நிறுத்தத்தில் இறங்கி ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் வேட் ஓவல் புல்வெளி. அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் டங்க்ளியோஸ்டியஸ் என்ற பழங்காலக் கவச மீனின் புதைபடிவம் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'டங்க்'.

பலரும் எதிரே நின்று செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பக்கவாட்டில் போய் நில்லுங்கள், விஷயம் அங்கேதான். கோரைப்பல் மாதிரி துருத்தி நிற்பது பல்லே இல்லை. தாடை எலும்புதான் அப்படிக் கூராகியிருக்கிறது. வாயை மூடும்போதெல்லாம் மேலெலும்பும் கீழெலும்பும் கத்தரி அலகு போல உரசித் தம்மைத் தாமே தீட்டிக்கொள்ளும். சாணைக்கல் தேவையில்லை! அடுத்து கழுத்து. தலைக்கவசமும் மார்புக்கவசமும் சேரும் இடத்தில் இருபுறமும் கீல் உண்டு. கீழ்த்தாடை இறங்கும் அதே நேரத்தில் மண்டையும் மேலே தூக்கும். நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் வாய் திறந்து, தண்ணீரோடு இரையையும் உள்ளே இழுத்துவிடும் என்கிறது 2007-இல் போட்ட கணக்கு. தாடை முனையில் கடிவிசை 4,400 நியூட்டன்.

வால் பக்கத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கவசத்துக்குப் பின்னால் எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு. அது புதைபடிவமாக மாறுவது அபூர்வம். அதனால்தான் பழைய படங்களில் 8, 9 மீட்டர் என்று நீண்டது, 2023 ஆய்வில் சுமார் 3.4 மீட்டராகச் சுருங்கியது. பெரியதுகூட 4.1 மீட்டர் அளவுதான். நீளம் போனாலும் குண்டு உடம்பு.

மறுநாள் கார் எடுத்துக்கொண்டு ராக்கி ரிவர் பள்ளத்தாக்குக்குப் போங்கள். நேச்சர் சென்டரின் பின்பக்கத் தளத்திலிருந்து பார்த்தால், ஆற்றோரம் கறுப்பாக நிற்கிறதே, அதுதான் கிளீவ்லண்டு ஷேல் என்னும் களிப்பாறை: சுமார் 36 கோடி ஆண்டுக்கு முந்தைய, டங்க் வாழ்ந்த டெவோனியன் காலத்துக் கடலடிச் சேறு. ஆக்சிஜன் குறைந்த சேறு என்பதால் எலும்பு தப்பியது. ஆனால் மேலே குவிந்த மண் அழுத்தியதில் பல தகடுகள் நசுங்கிவிட்டன. இன்னொரு தொல்லை பைரைட் என்னும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஈரக்காற்று பட்டால் அது கந்தக அமிலமாக மாறி எலும்பையே பொடியாக்கும். அதனால் இந்தப் புதைபடிவங்களை ஈரம் தட்டாமல் வைக்க வேண்டும்.

புதைபடிவம் தேடிச் சேர்த்த ஜே டெரல் 1867-இல் டங்க்கின் முதல் எலும்புகளைக் கண்டது ஈரி ஏரிக்கரைப் பாறையில். 1960-களில் ஐ-71 நெடுஞ்சாலை வெட்டியபோதும் நிறையக் கிடைத்தன.

பூங்காவில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. பாறையடியிலும் நிற்காதீர்கள்: பனி உருகும் மாதங்களில் ஷேல் பலகை பலகையாகச் சரியும்.