கந்தஹார் கமக் தையல்: முதல் நட்சத்திரம் வந்துவிட்டது

ஆப்கானிஸ்தானின் கந்தஹார் பெண்கள் செய்யும் கமக் என்ற பூத்தையலைக் கொஞ்சநாளாகப் பழகி வருகிறேன். அங்கே ஆண்கள் போடும் நீளச் சட்டையின் மார்பில் இதைப் பார்க்கலாம். பல நிறங்களிலும் உண்டு. எனக்குப் பிடித்தது வெள்ளைத் துணியில் வெள்ளைப் பட்டு நூல். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் வேலைப்பாடே தெரியும்.

டிசைனைப் பென்சிலால் வரைந்துகொள்ளும் பேச்சே இல்லை. துணியின் இழைகளை எண்ணி, பின்பக்கத்திலிருந்து ஓரக்கோடு போட்டு, அப்புறம் நூலைப் பக்கம் பக்கமாக நெருக்கிப் போடும் சாட்டின் தையலால் உள்ளே நிரப்ப வேண்டும். அவர்கள் மெல்லிய பருத்தித் துணியில் எண்ணுகிறார்கள். எனக்கு அந்தக் கண் கிடையாது. இழை பெரிதாகத் தெரியும் லினனில்தான் போடுகிறேன்.

பட்டு நூல்தான் படுத்துகிறது. லேசாக முறுக்கேறினாலும் அந்த இடத்தில் பளபளப்பு செத்துவிடும். ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டால் தானே சுழன்று முறுக்கு அவிழ்கிறது. விரல் சொரசொரப்பாக இருந்தால் இழை பிடித்துக்கொள்ளும். பாத்திரம் துலக்கிய கையோடு உட்கார முடியாது. தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும் தேய்த்துக் கழுவிவிட்டு வருகிறேன். வீட்டு வேலை அத்தனையும் செய்துவிட்டு இதையும் கறையில்லாமல் தைக்கிற கந்தஹார் பெண்கள் என்ன செய்கிறார்களோ!

ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு நிரம்புகிறது. கை தேர்ந்தவர்களுக்கே ஒரு சட்டை மார்புக்கு மாதக்கணக்கில் ஆகும். கல்யாணத்துக்கும் சொந்தங்களுக்கும் என்று தைத்துவந்த வேலை இது; கூலி என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. 2003-இல் ரங்கீனா ஹமீதி என்ற ஆப்கான் பெண் கந்தஹாரில் இதைப் பெண்களின் வருமானமாக்கும் வேலையில் இறங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘கந்தஹார் ட்ரெஷர்’ என்ற கைத்தையல் நிறுவனம். வெளியே போய் வேலை பார்க்க முடியாத பெண்கள் வீட்டிலிருந்தபடியே தைத்துச் சம்பாதிக்க வழி கிடைத்தது. ரங்கீனா பின்னாளில் கல்வி அமைச்சரும் ஆனார். 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததோடு அந்த அரசு போயிற்று. 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யவும் தடை வந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற தையலுக்கு அப்படித் தடை போடுவது கஷ்டம். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குக் கடையில் அது என்ன விலைக்குப் போகிறது என்று எப்படித் தெரியும்? கைவேலைக்கு விலை அதிகம் என்று முன்பு நானும் பேரம் பேசியவள்தான். இனி வாய் வராது.

எட்டுமுனை நட்சத்திரம் ஒன்று முடிந்தது. பின்பக்கமும் ஓரளவு சுத்தம். அடுத்து அதைச் சுற்றி முக்கோண வரிசை. அதற்குப் பட்டு நூல் இன்னொரு கண்டு வாங்க வேண்டும்.