'பார்க்கலாம்' சொல்வதை நிறுத்திவிட்டேன்

ஆடி பிறந்தால் என் போனுக்கு ஓய்வு இருக்காது. ஆடியில் கல்யாணம் கிடையாதுதான், ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடிக்கிற மாதம் அது. நான் தமிழ் டீச்சர். எங்கள் சொந்தத்தில் தமிழ் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பெரியம்மா மக்கள், சித்தப்பா மக்கள், அவர்களுடைய சம்பந்தி வீடு, எதிர்வீட்டு டெய்லர் அண்ணன் வரைக்கும் பிரஸ்ஸில் கொடுத்த ப்ரூஃபை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, "ஒரு தடவை கண்ணை ஓட்டிட்டுச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்பார்கள்.

அது அஞ்சு நிமிஷ வேலை இல்லை. பத்திரிகையில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் பொருந்த வேண்டும், திதியும் நட்சத்திரமும் காலண்டரோடு ஒத்துப்போக வேண்டும், தாய்மாமன் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதற்கு இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும், 'காலஞ்சென்ற' என்பது ஒரு வரி தள்ளி விழுந்தால் உயிரோடு இருப்பவர் தலையில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் நாம் போனில் அடித்து அனுப்புவது யுனிகோடு என்கிற பொது எழுத்துமுறை, பல பிரஸ்களில் இன்னும் பழைய ஃபான்ட்தான், யுனிகோடை அந்த ஃபான்டுக்கு மாற்றும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும், அதனால் நாம் சரியாக அனுப்பியதையே திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும். நிதானமாகப் பார்த்தால் ஒரு மணி நேரம். இதோடு ஆண்டு விழா வரவேற்புரை, ஓய்வு பெறுகிறவர்களுக்கு வாழ்த்துமடல், பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் பேச்சுப்போட்டிக் கட்டுரை.

எதற்குமே நான் முடியாது என்று சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. "பார்க்கலாம்" என்பேன். சொல்கிறவருக்கு அது பாதி மறுப்பு, கேட்கிறவருக்கு முழுச் சம்மதம். அந்த ஒரு வார்த்தையை நம்பி எதிர்முனையில் இருப்பவர் வேறு ஆள் தேடாமல் இருந்துவிடுவார்.

2025 ஆடியில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. சொட்டு மருந்து ஒரு நாளைக்குப் பல வேளை, கடைசி வேளை ராத்திரி பத்து மணிக்கு. அம்மா தானே போட்டுக்கொண்டால் கன்னத்தில்தான் விழும், அதனால் நான்தான் போட்டுவிட வேண்டும். அப்படி ஒரு நாள் என் பெரியம்மா மகள், அக்கா முறை, மூத்த மகன் கல்யாணப் பத்திரிகையை அனுப்பியிருந்தாள். காலையில் "பார்க்கலாம்க்கா" என்று சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடம், மாலையில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு, விடைத்தாள் கட்டு எல்லாம் முடிந்து உட்காரும்போது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு அம்மா கூப்பிட்டார். "இதோ வரேம்மா" என்றேன். திரும்பக் கூப்பிட்டார், திரும்ப இதோ என்றேன். அக்கா வேறு, பிரஸ்காரர் காத்திருக்கிறார் என்று மூன்று மெசேஜ் போட்டிருந்தாள். கண் சொருகச் சொருகப் படித்து முடித்து 'ஓகே' அனுப்பிவிட்டு எழுந்து போனபோது மணி பதினொன்றரை.

அம்மா சாய்வு நாற்காலியில், தலையைப் பின்னால் சாய்த்து, சொட்டு மருந்துக்குத் தயாரான அதே நிலையிலேயே தூங்கிப்போயிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அந்தச் சின்ன பாட்டில் உள்ளங்கைக்குள் இருந்தது, மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார். எழுப்பிப் போட்டுவிட்டேன். "வேலை முடிஞ்சுதாம்மா?" என்றுதான் கேட்டார்.

நான்கு நாள் கழித்துப் பத்திரிகை அடித்து வந்தது. ஆவணி 19, செப்டம்பர் 4 வியாழக்கிழமை. பத்திரிகையில் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. நான் பார்த்து 'ஓகே' சொன்ன பத்திரிகை. 600 பத்திரிகையிலும் அக்கா வீட்டில் ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு பேனாவால் அடித்துத் திருத்தினார்கள். மஞ்சள் தடவிய பத்திரிகையில் நீல மை. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

அப்போதுதான் பி.ஏ. படிக்கும்போது மனப்பாடம் செய்த ஒரு பாட்டு திரும்ப வந்தது. புறநானூறு 196. ஆவூர் மூலங்கிழார் பரிசிலுக்காகப் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் போயிருக்கிறார், அவன் காலம் கடத்துகிறான், கொடுப்பதாகவும் தெரியவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புலவர் சொல்கிறார்: முடிவதை முடியும் என்பதும், முடியாததை யாராக இருந்தாலும் இல்லை என்று மறுப்பதும், இரண்டுமே நட்பின் பாற்பட்டவை. முடியாததை முடியும் என்பதும், முடிவதை இல்லை என்பதும் கேட்டு வந்தவரை வாட்டும், கேட்கப்பட்டவர் புகழையும் குறைக்கும். பரீட்சைக்காக உரை எழுதி மதிப்பெண் வாங்கிய பாட்டு. அந்த ஒரே ராத்திரியில் இரண்டு தவற்றையும் நான் செய்திருக்கிறேன். முடியாததை அக்காவிடம் முடியும் என்றேன். இரண்டு நிமிஷத்தில் முடிகிற சொட்டு மருந்தை அம்மாவிடம் இல்லை என்று சொல்லாமல் சொன்னேன். மறுப்பதையும் நட்புக் கணக்கில் அவர் சேர்த்திருப்பதுதான் என்னை உட்கார வைத்தது.

அதிலிருந்து 'பார்க்கலாம்' கிடையாது. முடியும் என்றால் என்றைக்குத் தருவேன் என்று சேர்த்துச் சொல்கிறேன், முடியாது என்றால் அந்தப் போனிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தை நீட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்றால் "அப்ப திங்கக்கிழமை தாங்க" என்பார்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சமாதானம் அவர்களிடம் இருக்கும், பேச்சு வளர வளர நான்தான் இறங்கி வருவேன். "முடியாது, வேற ஆளைப் பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க." அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று தடவை கை நடுங்கியது. ஒரு சித்தப்பா இன்னும் பேசவில்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. துக்க வீட்டுக்கு எந்த நேரமானாலும் போவேன். என் வகுப்புப் பிள்ளை பேச்சுப்போட்டிக்கு நிற்கிறாள் என்றால் ராத்திரி உட்கார்ந்தாவது எழுதிக்கொடுப்பேன், ஏனென்றால் அது என் வேலை, எனக்குப் பிடித்த வேலை. மீதிச் சாயங்காலங்களில் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறேன். இப்போது கண் நன்றாகத் தெரிவதால் நான் விட்ட பழுத்த இலையை அவர் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறார். தலைமை ஆசிரியர் ஆண்டு விழா வேலையை நீட்டினால் மட்டும் இன்னும் வாய் வருவதில்லை, அதையும் இந்த வருஷம் சொல்ல வேண்டும்.

போன வாரம் அதே அக்கா கூப்பிட்டாள், சின்னவனுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. பத்திரிகைப் பேச்சு வந்ததும், "இந்தத் தடவை என்னால முடியாதுக்கா, விடைத்தாள் திருத்துற நேரம், பிரஸ்லயே ஒருத்தரை வச்சுப் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிடி, எங்க வீட்டு மாப்பிள்ளையோட தம்பி தமிழ் நல்லா எழுதுவான், அவன்ட்ட சொல்றேன்" என்றாள். அப்புறம், "சித்திக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். போனை அம்மாவிடம் கொடுத்தேன். நான் ஒரு கட்டுக் கீரையை உருவி முடிக்கும் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.