டிடி 124: மேசைக் குறிப்புகள்

மார்ச் 2

தோரன்ஸ் டிடி 124 ரெக்கார்டு பிளேயரைச் சரிசெய்கிறேன். அதன் ஐட்லர் சக்கரம் (மோட்டாரின் சுழற்சியை ரெக்கார்டு வைக்கும் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம்) இன்று தபாலில் கிளம்பியது. பழைய ரப்பரை உரித்து, புதிது ஏற்றி, லேத்தில் கடைந்து அனுப்புவார்கள். அது வரும்வரை மற்ற வேலைகள்.

மார்ச் 3

மோட்டார். பெல்ட்டைக் கழற்றி அரைமணி நேரம் ஓடவிட்டு அணைத்தால் 7 விநாடியில் நின்றுவிடுகிறது. எண்ணெய் கோந்தாகிவிட்டது. அறுபது வருஷ எண்ணெய் வேறு எப்படி இருக்கும்?

திறப்பதற்கு முன் மேல்மூடி, நடுப்பகுதி, கீழ்மூடி மூன்றின் மேலும் ஒரே நேராகப் பென்சில் கோடு. திரும்ப மாட்டும்போது கோடு சேராவிட்டால் உதறல் நிச்சயம். புஷ்கள் (தண்டைத் தாங்கும் சிறு குழாய்கள்) நுண்துளை வெண்கலம், எண்ணெயைத் தமக்குள்ளேயே வைத்திருப்பவை. வெள்ளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் பழையதை வெளியேற்றினால் மட்டும் போதாது, புதியதை உள்ளே அனுப்ப வேண்டும். எண்ணெயை 80 டிகிரிக்குச் சூடாக்கி அதில் புஷ்களைப் போட்டால் குமிழி குமிழியாகக் காற்று வரும். குமிழி நின்றதும் எடுக்கத்தான் கை போகும். எடுக்கக் கூடாது. எண்ணெய்க்குள்ளேயே ஆறவேண்டும். ஆறும்போது துளைகளில் மிஞ்சிய காற்று சுருங்கி எண்ணெயை உள்ளே இழுக்கிறது. சூட்டோடு எடுத்தால் அந்த இடத்தில் காற்றுதான் போய் உட்காரும். டிடர்ஜென்ட் கலக்காத எஸ்ஏஇ 20 போதும். கார் இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். சுற்றியுள்ள ஃபெல்ட் வளையங்களுக்கும் அதே எண்ணெய்.

மூடும்போது திருகுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று, ஒவ்வொரு தடவையும் தண்டை விரலால் சுற்றிப் பார்த்து. எங்காவது பிடித்தால் மூடியின் ஓரத்தில் திருப்புளிக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் புஷ் தானே நேராகிக்கொள்ளும்.

இப்போது 19 விநாடி.

மார்ச் 4

தபால் இல்லை.

மார்ச் 5

சுவிட்சுக்குக் குறுக்கே இருக்கும் பொறி அடக்கும் கப்பாசிட்டர். பழைய காகித வகை, மேல்பூச்சு வெடித்திருக்கிறது. உள்ளே ஷார்ட் ஆனால் சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் ஓடும். 10 நானோஃபாரட், எக்ஸ்2 வகை. 400 வோல்ட் என்று எழுதியிருக்கும் சாதாரண டிசி கப்பாசிட்டர் இந்த வேலைக்கு ஆகாது. எக்ஸ்2 மெயின்ஸ் மின்சாரத்தின் திடீர் எகிறல்களையும் தாங்கச் சோதிக்கப்பட்டது. பத்து நிமிஷ வேலை.

மார்ச் 7

மெயின் பேரிங். தண்டின் அடிமுனை உட்காரும் நைலான் தகட்டில் குழி. நகத்தால் தடவினாலே தெரிகிறது. 4.5 கிலோ இரும்புத் தட்டு இத்தனை வருஷம் ஒரே புள்ளியில் நின்றிருக்கிறது. தகட்டைத் திருப்பிப் போடுவது தற்காலிகம்தான், புதிது போட்டாயிற்று.

சுத்தமான எண்ணெய் ஊற்றித் தண்டை இறக்கினால் பாதியில் மிதக்கிறது. நல்ல அறிகுறி. உள்ளே மாட்டிய காற்று மெதுவாக வெளியேற வேண்டும், இடைவெளி அவ்வளவு நெருக்கம். அழுத்தக் கூடாது. தானாக இறங்கி உட்காரும்வரை உயரத்தை அளப்பதும் வீண்.

தபால் இல்லை.

மார்ச் 9

சக்கரம் வந்தது!

ரப்பரில் விரல் படாமல் மாட்டியாயிற்று. மோட்டார் புல்லி, படிப்புல்லி (வேகத்துக்கு ஒரு படி), இரும்புத் தட்டின் உள்விளிம்பு எல்லாம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தது. துணியில் கறுப்பு வராத வரைக்கும்.

பழைய சக்கரம் ஏன் ஓரிடத்தில் தட்டையானது என்பதும் தெளிவு. வேகக் குமிழை 33-லேயே விட்டுவிட்டுச் சுவரில் மட்டும் அணைத்திருக்கிறார்கள். ரப்பர் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் வேறென்ன ஆகும்.

இரவு: ரெக்கார்டு ஓடும்போது இன்னும் ஒரு "டக்" கேட்கிறது.

மார்ச் 10

டக். டக். தூக்கம் போனது.

விநாடிக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் 1.8 விநாடிக்கு ஒன்று. 33⅓ சுற்றில் தட்டு ஒருமுறை சுற்றும் நேரம் அதுதான். ஐட்லர் என்றால் இதைவிட அடிக்கடி வரவேண்டும் (தட்டின் உள்விட்டத்தைச் சக்கர விட்டத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரியும்). ஆக, சக்கரத்தின் மேல் பழி இல்லை. இரும்புத் தட்டா, மேலே கிடக்கும் ரெக்கார்டா? தட்டின் விளிம்பில் சாக்பீஸ் கோடு போட்டு, ரெக்கார்டைக் கால் சுற்று நகர்த்தி வைத்தேன். டக்கும் கால் சுற்று நகர்ந்தது.

ரெக்கார்டில் கீறல்! புது ரப்பரைக் கடைந்தவரை நேற்றிரவு முழுக்கத் திட்டியது மிச்சம்.

மார்ச் 11

வேகம். அரைமணி நேரம் சூடேறட்டும், எண்ணெய் இளகும்வரை வேகம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பிறகு வேகத்தைத் துல்லியமாகத் திருத்தும் நுண்குமிழ். அது படிப்புல்லிக்கு அருகே காந்தத்தை நகர்த்தி எடி கரண்ட் தடையை (சுழலும் உலோகத்தில் காந்தம் உண்டாக்கும் மின்னோட்டத்தின் பிரேக்) கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவே.

தட்டின் வேகம் காட்டும் புள்ளிகள் நியான் விளக்கின் மின்னலில் அசையாமல் நிற்கின்றன, அதாவது வேகம் சரி. ஆனால் 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை ரெக்கார்டு போட்டால் 3131. எது பொய் சொல்கிறது?

இரண்டும் இல்லை. மல்டிமீட்டரில் கரண்ட் 49.7 ஹெர்ட்ஸ். நியான் விளக்கும் அதே கரண்டில்தான் மின்னுகிறது. 50 இருந்தால் விநாடிக்கு 100 மின்னல், 180 புள்ளி, சரியாக 33⅓. 49.7-இல் புள்ளி நிற்பது 33.13 சுற்றில். அளவுகோலே சுருங்கினால் துணி எப்படிச் சரியாக இருக்கும்? 45-க்கு இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸில் 133⅓ புள்ளி வேண்டும், மூன்றில் ஒரு புள்ளியை யார் அச்சடிப்பது? 133 போடுகிறார்கள், நின்றால் 45.11. குவார்ட்ஸ் படிகத்தில் ஓடும் தனி ஸ்ட்ரோப் (மின்னும்) விளக்கு எடுத்தாயிற்று. இனி நியான் அழகுக்கு.

மார்ச் 12

காலை 49.8. மாலை 50.1. ஒவ்வொரு தடவையும் குமிழைத் தொடவேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 13

3150 இப்போது சராசரியில் சரி, ஆனால் 1.8 விநாடிக்கு ஒருமுறை 16 ஹெர்ட்ஸ் மேலும் கீழும். மறுபடி அதே 1.8. மறுபடி சாக்பீஸ். இதுவும் ரெக்கார்டோடு நகர்கிறது. நடுத்துளை அரை மி.மீ. விலகினால் 100 மி.மீ. ஆரத்தில் 0.5 சதவீதம், அதாவது அதே 16 ஹெர்ட்ஸ். சோதனை ரெக்கார்டுக்கே சோதனை தேவை.

மார்ச் 15

எஸ்எம்இ 3009, ஊசியைத் தாங்கும் கை. தலைப்பகுதியில் நீள்துளை இல்லை, அடித்தளத்தைத்தான் முன்னும் பின்னும் நகர்த்த முடியும். அதனால் ஓவர்ஹேங் (ஊசி தட்டின் மையத்தைத் தாண்டி நீளும் அளவு) சரியாகும், ஊசியின் கோணம் மாறாது. புரொட்ராக்டரின் (கோணம் பார்க்கும் அட்டை) 66, 120.9 மி.மீ. இரண்டு புள்ளிகளிலும் கச்சிதம் வராது. உள்புள்ளிக்கே முன்னுரிமை. கோணப் பிழை ஒன்றேயானாலும் 60 மி.மீ. ஆரத்தில் வரும் சிதைவு 120-இல் வருவதைப்போல் இரண்டு மடங்கு.

மார்ச் 16

டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் (ஊசி உள்ள பகுதி), ஊசி அழுத்தம் 2.5 கிராம். மேசையில் தராசை வைத்து 2.5 வைத்தால் தட்டின் மேல் 2.7. இரும்புத் தட்டு கார்ட்ரிட்ஜின் காந்தத்தை இழுக்கிறது. தராசின் தட்டு எஃகாக இருந்தால் அதுவும் தன் பங்குக்கு இழுக்கும். இரும்பில்லாத தராசு, ரெக்கார்டின் உயரத்தில், ஓடாத தட்டின் மேலேயே வைத்து அளப்பதுதான் வழி. தடித்த மேட் போட்டால் இழுப்பு குறையும், ஆனால் கையின் உயரத்தையும் அதே அளவு ஏற்றவேண்டும்.

கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக அதிரும் அதிர்வெண்: கை 9.5, கார்ட்ரிட்ஜ் 8.5, திருகுகள் 1, ஆக 19 கிராம். இணக்கம் (ஊசி எவ்வளவு எளிதில் வளையும் என்பது) 100 ஹெர்ட்ஸில் 5, 10 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10. 159-ஐ 190-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 11.5. 8-க்கும் 12-க்கும் நடுவில். விட்டுவிடலாம்.

மார்ச் 17

ரசமட்டம் மறுபடி வலப்பக்கம் சாய்கிறது. சேசிஸைத் தாங்கும் ரப்பர் காளான்களில் ஒன்று மட்டும் அமுங்குகிறது. நான்கையும் ஒன்றாக மாற்றவேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை. ஆன்ட்டிஸ்கேட் (கையை உள்ளே இழுக்கும் விசையை ஈடுகட்டுவது) அதற்கப்புறம்தான்.