போல்ட்டின் தலைக்கு அடியில்

சென்ற பனிக்காலம் முழுவதும் 1969ஆம் ஆண்டு ஷெவர்லே கேமரோ இசட்/28 கார் ஒன்றின் இன்ஜினை, தொழிற்சாலையில் இருந்த அதே பூச்சுகளோடு மீட்டெடுப்பதில்தான் என் மாலைப்பொழுதுகள் கழிந்தன. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் ஐந்து லிட்டர் வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே 302 கன அங்குலத்தில் (சுமார் 4.95 லிட்டர்) உருவாக்கப்பட்டு, மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் பூட்டப்பட்ட இன்ஜின் அது. கராஜுக்கு வந்த நண்பர்கள் பலரும், எல்லாவற்றுக்கும் குரோம் அடித்துவிட்டால் பளிச்சென்று இருக்குமே, ஒரு போல்ட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் என்ன பார்க்கிறாய் என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் கால ஷெவர்லே இன்ஜின் என்றால் ஆரஞ்சு நிறம் என்பது எல்லாருக்கும் தெரியும். 1966 முதல் ஃபோர்டு இன்ஜின்கள் நீலம், கிரைஸ்லரின் ஹெமி இன்ஜினுக்குத் தனி ஆரஞ்சு. ஆனால் நிறத்தின் பெயர் தெரிந்தால் வேலை முடிந்துவிடாது. இன்ஜினின் பெரும்பகுதியைப் பூட்டிய பிறகே பெயின்ட் தெளித்தார்கள் என்பதால், அதற்கு முன்பு ஏறிய வாட்டர் பம்பும் அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலைகளும் சேர்ந்தே ஆரஞ்சாயின. பெயின்ட்டுக்குப் பிறகு மாட்டப்பட்டவை தத்தம் பூச்சோடு நின்றன. புல்லிகளுக்கு அரைப் பளபளப்பான கறுப்பு, ஆல்டர்னேட்டருக்கு வெற்று அலுமினியம், பிரேக் பூஸ்டருக்குப் பொன்மஞ்சள் குரோமேட் (துத்தநாகத்தின் மேல் ரசாயனத்தில் தோய்த்துப் பெறும் படலம்), போல்ட்டுகளில் சிலவற்றுக்குக் கரும்பாஸ்பேட், சிலவற்றுக்குத் துத்தநாக முலாம். எந்த பாகம் எந்த வரிசையில் ஏறியது என்பதைப் பூச்சை வைத்தே படிக்கலாம் என்பதுதான் என்னை இந்த வேலையில் கட்டிப்போட்டது.

ஆகவே கழற்றியவுடன் கழுவுவது பெருந்தவறு. ஒரு பிராக்கெட்டைக் கழற்றிய வேகத்தில் மணல் வீச்சுப் பெட்டிக்குள் (அழுத்தக் காற்றில் மணலை வீசித் துருவை உரிக்கும் பெட்டி) போட்டுச் சுத்தம் செய்துவிட்டேன். அதன் பின்புறத்தில் என்ன பூச்சு இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியம் இரண்டு நிமிடத்தில் தூசியாகிப் போனது. அதன் பிறகு ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் கிரீஸை மட்டும் எடுத்து, போல்ட் தலையின் அடிப்பக்கத்தையும் வாஷர் மூடியிருந்த வட்டத்தையும் பார்த்துப் படம் எடுத்த பிறகே அடுத்த வேலையைத் தொடுகிறேன். ஐம்பது ஆண்டு வெயிலும் உப்பும் படாத இடங்கள் அவை.

பாஸ்பேட் பூச்சை வீட்டிலேயே செய்யலாம். துருவையும் பழைய பூச்சையும் வீச்சால் நீக்கிய இரும்பை, கைரேகை படாமல் கையுறையோடு எடுத்து, ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் இருக்கும் பாஸ்பேட் கரைசலில் இறக்கினால் குமிழ்கள் எழும். குமிழ்கள் அடங்கும்போது சாம்பல் நிறப் படிகங்கள் இரும்பின் மேல் வளர்ந்திருக்கும். மாங்கனீஸ் கரைசல் என்றால் நிறம் இன்னும் கருக்கும். பாத்திரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், அலுமினியத்தைக் கரைசல் அரித்துவிடும். வெந்நீரில் அலசியதும் எண்ணெயில் மூழ்கவைக்க வேண்டும், ஏனெனில் துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு அந்தப் படிகங்கள் பிடித்துவைக்கும் எண்ணெயுடையது. கறுப்பு பெயின்ட் அடித்த போல்ட்டும் இதுவும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைப்பவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

துத்தநாக முலாமை மட்டும் பட்டறைக்குக் கொடுத்தேன். முதலில் கொடுத்த இடத்தில் அமிலத்தில் அதிக நேரம் விட்டுவிட்டார்கள். போல்ட் தலையில் பொறித்திருந்த தயாரிப்பாளரின் எழுத்துகள் மழுங்கி வந்தன. அமிலத்திலும் மின்முலாமிலும் வெளிப்படும் ஹைட்ரஜன் உயர்வலு எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும் என்பதால், இறுக்கத்தைத் தாங்கும் போல்ட்டுகளை முலாமுக்குப் பின் உடனே 190 டிகிரி அளவில் பல மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும். இதைக் குரோமேட்டில் தோய்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். குரோமேட் படலம் 65 டிகிரிக்கு மேல் போனாலே கெட்டுவிடும். சரியாக வந்த பூஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் மஞ்சளுக்குள் சிவப்பும் பச்சையும் புறாக்கழுத்துபோல ஓடும். அதைப் பெயின்ட்டால் போலி செய்ய முயன்ற கார்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சிலிண்டர்களுக்குக் காற்றும் எரிபொருளும் போகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டு அலுமினிய வார்ப்பு. அதில் வின்டர்ஸ் வார்ப்பாலையின் பனித்துகள் முத்திரை இருக்கிறது. மணலுக்குப் பதில் நுண்ணிய கண்ணாடி மணிகளை வீசினால், அது வார்ப்பின் சொரசொரப்பைத் தட்டி மூடி, இல்லாத ஒரு மினுமினுப்பைக் கொடுத்துவிடும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. நீரோடு சேர்ந்த மெல்லிய வீச்சே போதுமானதாக இருந்தது.

மிகக் கடினமானது, எரிந்த புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுதான். தொழிற்சாலையில் அதன் ஓரங்களில் சிதறிய ஆரஞ்சு, வண்டி சிறிது ஓடியதுமே சூட்டில் எரிந்து உதிர்ந்து, வெற்று வார்ப்பிரும்பு வெளிப்பட்டுத் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். புதிய காராகக் கடைக்கு வந்த நாளைக் காட்டுவதா, ஒரு மாதம் ஓடிய காரைக் காட்டுவதா என்று முடிவெடுத்த பிறகே அதில் கை வைக்க முடியும். நான் வெற்று இரும்பைத் தேர்ந்துகொண்டு, கிராஃபைட் பசையை மெல்லியதாகத் தேய்த்து, சிலிண்டர் தலையோடு சேரும் விளிம்பில் மட்டும் ஆரஞ்சு லேசாகப் படும்படி விட்டிருக்கிறேன்.

மீதம் இருப்பது ஹோலி நிறுவனத்தின் கார்புரேட்டர். அதன் துத்தநாக வார்ப்புக்கும் பொன்மஞ்சள் குரோமேட்தான். எரிபொருள் கிண்ணத்தின் கேஸ்கெட்டுக்கு அடியில் ஒரு விரல்நகம் அளவுக்கு அதன் பழைய நிறம் அழியாமல் இருக்கிறது. அதைப் படம் எடுத்தாயிற்று.