இரண்டாம் நாள் காலைக்குத் தயாராவது எப்படி

மொரீஷியஸைச் சைக்கிளில் சுற்றுவதென்று நாங்கள் நான்கு பேர் முடிவு செய்தபோது கையில் 12 வாரம் இருந்தது. பயணம் செப்டம்பரில். எங்கள் ஊரான காத்ர் போர்னிலிருந்து மேற்குக் கரைக்கு இறங்கி, லெ மோர்ன் மலையைச் சுற்றிக்கொண்டு, தெற்குக் கரை வழியாக மகேபூரில் இரவு தங்கல். மறுநாள் கிழக்குக் கரையோடு வடக்கே கிராண்ட் பே. முதல் நாள் ஏறக்குறைய 100 கி.மீ., அடுத்த நாள் 80.

அந்த 12 வாரத்தில் முதல் ஐந்தை நான் வீணாக்கினேன். சோம்பலால் இல்லை. ஞாயிறுதோறும் விடியற்காலையில் கிளம்பி 40, 50, 60 என்று கூட்டிக்கொண்டே போனேன். தனியாக, மூச்சு வாங்க வாங்க. திங்கட்கிழமை எபேனில் அலுவலக ஏசி அறையில் உட்கார்ந்தே உடம்பு தேறிவிடும். சரி, தயாராகிவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை 60 ஓட்டியிருந்தேன். ஞாயிறும் வரச்சொல்லி எங்கள் குழுவில் மூத்தவரான ரோஸ் ஹில் அண்ணன் கூப்பிட்டார். சீட்டில் உட்கார்ந்த நொடியிலேயே எழுந்துவிட்டேன். கால் நன்றாகத்தான் இருந்தது. உட்காரும் எலும்பு, உள்ளங்கை, பிடரி மூன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. தமரின் தாண்டியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் வீட்டில் பேசுவது கிரியோல் மொழிதான், பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, நேற்று வழியில் என்ன சாப்பிட்டாய்?"

ஒரு வாழைப்பழம். 60 கிலோமீட்டருக்கு ஒன்று. அவர் வண்டியை நிறுத்தி டால் பூரி ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் புரிந்தது. முதல் நாளை வீம்பிலேயே ஓட்டிவிடலாம். பயிற்சி தேவைப்படுவது இரண்டாம் நாள் காலைக்கு. அதற்குப் பிறகு சனி, ஞாயிறு இரண்டையும் ஒரே சவாரியாகத்தான் கணக்கு வைத்தோம். சனி 50, ஞாயிறு 40 என்று தொடங்கி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு 75, 60 வரை வந்தோம். நான்கு வாரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைத்தோம். கடைசி வாரம் சும்மா கால் அசைத்ததோடு சரி. வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான்: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் கியரைக் குறைக்க வேண்டும்.

பசி வந்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அரைமணிக்கு ஒரு தடவை பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ கடலைமிட்டாயோ, ஏதாவது உள்ளே போக வேண்டும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு. பஞ்சு வைத்த சைக்கிள் டவுசருக்குள் ஜட்டி போடக்கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெட்கப்பட்டால் தோல் உரியும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் இன்னொரு சூட்சுமம் உண்டு. காத்ர் போர்ன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் மேலே இருக்கிறது. கரைக்குப் போகும்போது எல்லாம் இறக்கம். களைத்துத் திரும்பும்போதுதான் ஏற்றம் தொடங்கும். கோர் தெ கார்ட் மலை கண்ணுக்குத் தெரிந்துவிடும், வீடு மட்டும் வராது. பலமுறை திட்டியிருக்கிறேன், ஆனால் இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

அப்புறம் காற்று. செப்டம்பர் இங்கே குளிர்காலம், தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் ஓயாது. தீவை இடஞ்சுழியாகச் சுற்றினால் தெற்குக் கரை முழுக்க அது நெஞ்சில் அடிக்கும். கிழக்குக் கரையில் வடக்கே திரும்பியதும் முதுகைத் தள்ளிக் கொடுக்கும். களைத்த நாளுக்குக் காற்றின் தயவு வேண்டுமென்றுதான் அந்தத் திசையை எடுத்தோம். எதிர்காற்றில் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போய், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் விலகிக் கடைசிக்கு வருவதைப் பழகினோம். இதைத் தனியாகப் பழக முடியாது. பள்ளம் வந்தால் முன்னவர் கையை நீட்டிக் காட்ட வேண்டும். பின்னவர் சக்கரம் முன்னவர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான்.

கரும்பு வெட்டும் பருவம் வேறு. லாரியிலிருந்து சிதறும் கட்டைகள் சாலையோரம் கிடக்கும். பஞ்சர் ஆனால் புது டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எனக்கு ஒரே இடத்தில் இரண்டு டியூப் போயிற்று. நகத்துணுக்கு அளவு சிராய் ஒன்று, முதல் பஞ்சருக்குக் காரணமானதே, டயரில் குத்தியபடி இருந்திருக்கிறது.

மகேபூரில் இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்கார்ந்தேன். வலித்தது. ஆறு வாரமாக ஞாயிறுதோறும் பார்த்த அதே வலி. பத்து நிமிடத்தில் மறந்துபோனது. பெல் மாரில் அண்ணன் டயர் பஞ்சர். பயிற்சியில் பம்ப் எப்போதும் என் பையில்தான் இருக்கும். பயணத்துக்கென்று சுமையைப் பிரித்துக்கொண்டபோது அவர் பைக்கு மாற்றியிருந்தோம். அவர் அதை மகேபூர் விடுதிக் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்திருந்தார்.